பிறந்தநாள் சூப்பும் பதினெட்டாம் குழியும்

"என்ன இது? உன்னைத்தான் கேக்கறேன்... என்ன இது?"

மல்சுன் கையில் ஒரு காய்ந்த கடற்பாசிப் பொட்டலம். தம்பி மனைவி ஓக்ஜூவின் கைப்பைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறாள். அடுத்தவள் பையைத் துழாவ யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். நாத்தனாருக்கு அனுமதி எதற்கு?

"சாயங்காலத்துக்குத்தான் அண்ணி... ஆட்டமெல்லாம் முடிஞ்சப்புறம்..."

"ஆட்டம் நடக்கற அன்னைக்கு இந்த வழவழப்பு வாசப்படியே மிதிக்கக் கூடாது! ஏப்ரல்ல பட்டது போதாதா? பெத்த பொண்ணு வழுக்கி விழணும்னே கங்கணம் கட்டிக்கிட்டு இருக்கியாடி?"

ஓக்ஜூவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஏப்ரலில், இதே ஜேஜு தீவில், இதே மைதானத்தில்தான் அந்த ஆண்டின் முதல் கோல்ஃப் போட்டி. இரண்டாம் நாள் மகள் ஹேரிமுக்குப் பிறந்தநாள். பரீட்சையன்றும் பந்தயத்தன்றும் கடற்பாசி சூப்பை யாரும் தொடமாட்டார்கள், வழுக்கிவிடும் என்று. ஆனால் பிறந்தநாளுக்கு அந்த சூப் இல்லாமல் எப்படி? அரைக் கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். அன்று கடைசிக் குழியில் பந்து போய்க் குளத்தில் விழுந்தது. ஒரே ஒரு அடி கூடிப்போனதால் ஹேரிம் போட்டியை விட்டு வெளியேறினாள்.

எல்லாம் சூப்பால்தான் என்று அன்றோடு ஓக்ஜூவுக்கு மைதானத்துக்குள் தடை போட்டாள் மல்சுன்! சமைத்தாள், துவைத்தாள், ஊர் ஊராக வேன் ஓட்டினாள். மகள் ஆடும்போது மட்டும் வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் சத்தத்தை வைத்தே மகள் எப்படி ஆடுகிறாள் என்று சொல்லிவிடுவாள்.

இத்தனை பேச்சுக்கும், மகளின் மட்டைப் பையைச் சுமக்கிற அப்பா தொக்மான் தலை நிமிரவில்லை. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு ஷூவுக்கு எவ்வளவு நேரம்தான் கயிறு கட்டுவார் மனிதர்!

மல்சுன் பொட்டலத்தைத் தன் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இன்று தனக்குப் பிறந்தநாள் என்று ஓக்ஜூவும் சொல்லவில்லை.

இன்று ஆண்டின் கடைசி ஆட்டம். ஆண்டுத் தரவரிசைப் பட்டியலில் முதல் அறுபது இடத்துக்குள் வந்தால்தான் ஹேரிமுக்கு அடுத்த வருஷம் இந்தப் போட்டிகளில் இடம். இல்லையென்றால் மறுபடியும் தகுதிப் போட்டி, மறுபடியும் முதலிலிருந்து. காலையில் அவள் அறுபத்திரண்டாம் இடத்தில் இருந்தாள்.

மதியம் வேனில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள் ஓக்ஜூ. பதினைந்தாம் குழியில் கைதட்டல். பதினாறில் பெரிய கைதட்டல்! பதினேழில்... ஒன்றுமே இல்லை. வானொலி சொன்னது, ஹேரிம் சரியாக அறுபதில் நிற்கிறாளாம். கடைசிக் குழியில் ஒரு அடி கூடினால் போச்சு.

"வர்றது வரட்டும்!" ஆரஞ்சை வைத்துவிட்டு எழுந்தாள்.

பதினெட்டாம் குழியின் கயிற்றோரம் மல்சுன் நின்றிருந்தாள். ஓக்ஜூவைப் பார்த்ததும் முகம் மிளகாய்ச் சிவப்பானது. ஆனால் ஆட்கள் 'அமைதி' அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாவம், கிசுகிசுத்தே திட்ட வேண்டியதாயிற்று.

"வந்துட்டியா மகராசி... கெடுக்கறதுக்குன்னே..."

ஓக்ஜூவின் கழுத்துத் துண்டு காற்றில் பறந்து முகத்தில் அடித்தது. ஏப்ரலிலும் இப்படித்தான், இதே இடத்தில், முகத்தில் அடித்தது. அப்படியானால் காற்று எதிர்க்காற்று. ஆனால் அன்று டிவி கேமரா பக்கத்தில் வந்ததும் தொக்மான் தொப்பியைச் சரிசெய்தார், மீசையைத் தடவினார், புல்லைப் பிய்த்துப் போட்டுக் காற்றைப் பார்க்க மட்டும் மறந்துவிட்டார். 'காத்து பின்னாடிதான்மா' என்று பந்து குறைந்த தூரமே போகும் எட்டாம் நம்பர் மட்டையைக் கொடுத்தார். பந்து குளத்தில்!

எல்லாவற்றையும் பார்த்தவள் ஓக்ஜூ ஒருத்திதான். சொல்லியிருந்தால்? ஒவ்வொரு அடிக்கும் அப்பா வார்த்தையை நம்புகிற பொண்ணு, அந்த நம்பிக்கை உடைந்தால் அந்த வருஷமே உடையும். அதனால் பழியை சூப்பின் மேல் விட்டுவிட்டாள். விழுங்கிய வார்த்தை இத்தனை மாதமும் நெஞ்சில் கனத்தது.

வெளியிலிருந்து சைகை காட்டினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே! துண்டைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்தாள்.

தொக்மான் அவளைப் பார்த்தார். அந்தத் துண்டையும் பார்த்தார். கேமரா நெருங்கியது. அவர் தொப்பியைத் தொடவில்லை. குனிந்து புல்லைப் பிய்த்துப் போட்டார். புல் அவர் மீசையிலேயே வந்து ஒட்டியது.

"எதிர்க்காத்துப்பா?" என்றாள் ஹேரிம்.

"எதிர்க்காத்துதாம்மா... அன்னைக்கும் எதிர்க்காத்துதான். நான் பாக்கலை... கேமராவைப் பாத்துட்டேன்." குரல் உடைந்தது. "தப்பு என்னோடது. உங்கம்மா சூப் மேல இல்ல... ஏழாம் நம்பர் எடுத்துக்கோ."

அமைதி அட்டையின் புண்ணியத்தில் அது கயிற்றோரம் முழுக்கக் கேட்டது.

ஹேரிம் ஒரு கணம் அப்பாவையே பார்த்தாள். "இதைச் சொல்ல இத்தனை மாசமாப்பா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு மட்டையை வாங்கினாள். பந்து குளத்தைத் தாண்டிக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆர்ப்பாட்டமில்லாமல் இரண்டு தட்டில் குழிக்குள் தள்ளினாள். அறுபதாம் இடம்!

ஓடிவந்து கயிற்றுக்கு மேலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அன்னைக்கு நீ இங்கேதானே நின்னு பாத்தே... எனக்காகத்தானே வாயை மூடிக்கிட்டு இருந்தே?... பிறந்தநாள் வாழ்த்துகள்மா!"

"ஐயோ!" என்றாள் மல்சுன். கை தானாகக் கோட்டுப் பைக்குள் இருந்த பொட்டலத்துக்குப் போனது.

சாயங்காலம் ஓக்ஜூவை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சூப் வைத்து, பெரிய கிண்ணம் நிறைய ஊற்றி முன்னால் வைத்தாள்.

"வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்... சூடா குடி. உப்பு எப்படி?"

"அளவா இருக்கு அண்ணி." ஓக்ஜூவின் கண்ணீர் கிண்ணத்திலேயே விழுந்தது.

தொக்மான் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். "அடேயப்பா... கடல்தண்ணி!"

"நீ பேசாதே!" அக்கா ஒரு அதட்டல் போட்டாள். பிறகு குரல் இறங்கியது. "அடுத்த வருஷம் நீ கயித்தோரம் நில்லு ஓக்ஜூ. நான் வேன்ல உக்காந்துக்கறேன்."

"அதெல்லாம் வேணாம் அண்ணி, ரெண்டு பேருமே நிப்போம்." ஓக்ஜூ கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "கேமரா வந்தா இவரோட தொப்பியைப் பிடுங்கி வைக்க ஒரு ஆள் வேணாமா?"