எக்ஸ்ட்ரீம்லி ஆபத்து

சுண்டுவுக்கு ஒரு புது வார்த்தை கிடைத்திருந்தது. டீச்சர் சொல்லிக்கொடுத்த ஆங்கில வார்த்தை, 'எக்ஸ்ட்ரீம்லி'. 'ரொம்ப' என்பதற்கும் மேலே, இனி ஏற இடமே இல்லாத உச்சி என்று டீச்சர் விளக்கியிருந்தார். விடுவாளா சுண்டு? அன்றிலிருந்து பால் எக்ஸ்ட்ரீம்லி சூடு, கொசு எக்ஸ்ட்ரீம்லி பெரிசு, வீட்டுப்பாடம் எக்ஸ்ட்ரீம்லி அநியாயம். மூன்று வயதுத் தம்பிக்கும் அது தொற்றிக்கொண்டது.

அம்மா தையல் கடை வைத்திருந்தாள். துணி வெட்டுவதும் இஸ்திரி போடுவதும் மாமாவின் வேலை. நேற்று, "எக்ஸ்ட்ரீம்லி ஆபத்து!" என்று சுண்டு அலறியதில் மாமாவின் கத்தரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு சட்டைக் கையே பாழ். ஓடிப்போய்ப் பார்த்தால், வாசலில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது. இனி இவள் கத்தினால் நகரவே மாட்டேன் என்று மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

இன்று விளக்குப் போட்ட பிறகு, பென்சிலைத் தேடிச் சுண்டு உள்ளறைக்குப் போனாள். ஜன்னல் இல்லாத அறை அது. போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அணைக்காமல் விட்ட இஸ்திரிப் பெட்டி மேஜைமேல் குப்புறக் கிடந்தது. விரிப்பு கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மேஜைக்கு அடியில், வெட்டிப்போட்ட துணிக் குவியலில், தம்பி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, எக்ஸ்ட்ரீம்லி ஆபத்து!"

முன்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. "இன்னிக்கு எத்தனை கால் அதுக்கு?" என்று மாமா கேட்டார். அம்மா சிரித்தாள்.

இதைவிடப் பெரிய வார்த்தைக்குச் சுண்டு எங்கே போவாள்? இருந்த ஒன்றையும் கரப்பான்பூச்சிக்குச் செலவழித்தாயிற்று.

கதவுக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச் இருந்தது. எம்பி அதைக் கீழே இழுத்துவிட்டாள். கடை முழுவதும் இருண்டது. மெஷின் நின்றது. அந்த அமைதியில் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அம்மா, மேஜை புகையுது. அடியில தம்பி தூங்குறான்."

முன்னறையில் நாற்காலி கவிழ்ந்தது. அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடி வந்து தம்பியை வாரி எடுத்தாள். மாமா செல்போன் வெளிச்சத்தில் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியை நிமிர்த்திவிட்டு, கருகிய விரிப்பில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். விரிப்பில் பெரிய ஓட்டை. கீழே மரமும் கருகியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான்தான்க்கா அணைக்க மறந்துட்டேன்" என்றார்.

அம்மா சுண்டுவின் பக்கம் திரும்பினாள். "பயந்துட்டியாடி?"

"பயமா இருந்துச்சும்மா" என்றாள் சுண்டு. அதோடு வேறு எதையும் சேர்க்கவில்லை. அம்மா அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தம்பி கண் விழித்தான். தலையெல்லாம் நூல். திருதிருவென்று சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, எக்ஸ்ட்ரீம்லி இருட்டா இருக்கு."

"இருட்டா இருக்குன்னு சொன்னாலே எனக்குக் கேக்கும்டா" என்று சொல்லி, சுண்டு சுவிட்சைப் போட்டாள்.