கரைக்காத முளைப்பாரி

கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அப்படியிருந்தும் பின்பக்கக் கொட்டகையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. ரசம் நுரைகட்டும் சமயம். தமிழரசி கரண்டியைக் கையில் பிடித்தபடியே காது கொடுத்தாள். மடக்மடக்கென்று ஒரு விழுங்கல், பிறகு நீண்ட உறிஞ்சல், பிறகு அமைதி.

பழகிய சத்தம்தான். கொட்டகையில் நீல பிளாஸ்டிக் தொட்டியில் ஜிலேபி மீன்கள் கிடந்தன. அதற்கு மேலே ஜல்லி நிரப்பிய பாத்தியில் செடிகள் நின்றன. மோட்டார் மீன் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றும். மீனின் கழிவு செடிக்கு உரம். பாத்தி நிறைந்ததும் நடுவிலுள்ள குழாய் மொத்தத் தண்ணீரையும் ஒரே இழுப்பில் கீழே விடும். ஆனால் மோட்டார் ஓடாமல் பாத்தி எப்படி நிறையும்? மழைத் தண்ணீராக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கொட்டகைக்குத் தகரக் கூரை போட்டிருப்பது உடனே நினைவுக்கு வந்தது.

மெயின்லேண்டில் பிள்ளைகள் தெருவில் விளையாடும் நேரத்துக்கே தீவிலிருக்கும் இந்த டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருட்டிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் ரூபாவின் பக்கத்தில் மெழுகுவர்த்தியை வைத்தாள். அப்போது போன் அடித்தது. கப்பலில் இன்ஜின் வேலை பார்க்கும் அவள் கணவன் ஜம்புலிங்கம்.

"ஹேவ்லாக் தீவுல மாட்டிக்கிட்டோம். சமுந்தர் சரியில்ல, ஒரே அலை, நாளைக்கும் ஷிப் டவுட்டுதான்."

"இங்க பிஜிலியே இல்லைங்க, மோட்டார் நின்னுபோச்சு."

"மீனுக்குக் காத்து வேணுமே. செம்பால மோந்து மேலருந்து ஊத்து, இல்லன்னா செத்துரும்."

"மோட்டார் ஓடாமயே தண்ணி ஓடுதுங்க."

அவன் என்ன சொன்னானோ, சிக்னல் போய்விட்டது.

டார்ச்சோடு கொட்டகைக்குப் போனாள். வழக்கமான பாசி வாடை இல்லை. கருவாடு காயும் கரையின் வாடை அடித்தது. மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி அசையாமல் நின்றன. செம்பை உள்ளே விட்டாள். ஒன்றுகூடச் சிதறவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு. கடல் தண்ணீரின் உப்பு. வீடு இருப்பது மேட்டில். கடல் கண்ணுக்குக்கூடத் தெரியாத இடம்.

பாத்தியில் தட்டைப்பயற்றங்கொடி தளதளவென்று படர்ந்து காய்த்திருந்தது. அதைப் பார்த்ததும் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

கோடையில் ரூபாவுக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் ஆடியில் இரண்டு சட்டி முளைப்பாரி எடுத்துக் கடலில் கரைக்கிறேன் என்று தமிழரசி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. இருட்டறையில் வளர்த்த இரண்டு சட்டியும் முழ உயரம் வளர்ந்து நின்றன. அப்போதுதான் புத்தி கெட்டது. கப்பல் வராத மாதத்தில் காய்கறிக்கு ஆலாய்ப் பறக்கவேண்டிய ஊர் இது. தேங்காய் நார்த்தூளில் அவள் போடும் கடை விதையோ பாதி பூசணம் பிடித்துப் போகும். கைமேல் இத்தனை நாற்று இருக்கும்போது எல்லாவற்றையும் கடலிலா கொட்டுவது? ஆசை யாரை விட்டது. ஒரு சட்டியை மட்டும் தலையில் வைத்துப் போனாள். மற்றதைப் பிரித்து ஜல்லியில் நட்டாள். அதுதான் இந்தக் கொடி.

கரையில் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா கேட்டாள். "ரெண்டுல்ல நேந்த?"

"ஒண்ணு முளைக்கலக்கா. அழுகிப்போச்சு."

சொர்ணம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "முளைப்பாரிய அப்படிச் சொல்லக் கூடாதுடி. பிள்ளைக்கு ஆகாது."

கொட்டகையில் குழாய் மறுபடி விழுங்கியது. இந்த முறை தண்ணீர் பாத்தியிலிருந்து கீழே இறங்கவில்லை. தொட்டியிலிருந்து மேலே ஏறி, விளிம்பு தாண்டி, தரையில் வழிந்தது. சோப்பு நுரையைப்போல வெள்ளை நுரை அவள் கால்விரல்களைத் தொட்டது. தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. மறுபடி வந்தது.

தமிழரசி கொடியைப் பிடித்து இழுத்தாள். "தாயே, தப்புதான். எடுத்துக்க. எல்லாத்தையும் எடுத்துக்க." வேர்கள் ஜல்லிக்குள் பின்னிக்கிடந்தன, இழுக்க இழுக்க வந்தன. நகம் பிய்ந்தது. கீரையையும் விடவில்லை, மிளகாயையும் விடவில்லை. அள்ளிக்கொண்டு மழையில் வாசலுக்கு ஓடினாள். தெருச் சாக்கடையில் வெள்ளம் பாய்ந்தது. எப்படியும் கடலுக்குத்தான் போய்ச் சேரும். முழுவதையும் அதில் போட்டாள்.

கொடிகள் சுழன்றன. சரிவில் இறங்கின. இருட்டில் மறைந்தன. அப்பாடா என்றிருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

வாசற்படியில் தண்ணீர்.

தெரு சரிவில் இருக்கிறது. தண்ணீர் கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல். அக்கம்பக்கத்து வாசல்களில் அந்தத் தண்ணீர் ஏறவே இல்லை.

"அம்மா," உள்ளேயிருந்து ரூபா கூப்பிட்டாள். பயந்த குரல் இல்லை. "பானி வந்துருச்சும்மா."

ஓடினாள். கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் ரூபா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் ஒடுங்கிப்போன கன்னங்கள் இந்த ஒரு மாதத்தில் எப்படி உப்பிவிட்டன. தினமும் அந்தக் காய்தான். பொரியல், கூட்டு, பச்சையாகக் கூடப் பறித்துத் தின்பாள். உடம்பு தேறட்டும் என்று தன் தட்டில் இருந்ததையும் தமிழரசி அவளுக்கே போட்டிருந்தாள்.

பறித்துப் போட்டது வெறும் கொடி. நேர்ந்தது பிள்ளைக்குள்ளே இருந்தது.

கட்டிலில் ஏறினாள். பிள்ளையை வாரி மார்போடு அணைத்தாள். "தரமாட்டேன்," என்றாள். கெஞ்சலா மிரட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை. "என்ன வேணா எடுத்துக்க. இவள மட்டும் தரமாட்டேன்."

தண்ணீர் கட்டில் காலின் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. மழையும் விட்டிருந்தது. மூச்சு வந்தது. பிள்ளையின் உடம்பு கதகதப்பாக இருந்தது; தன் ஈரம் பட்ட இடம் தவிர கவுன் காய்ந்திருந்தது; மெத்தை காய்ந்திருந்தது. உச்சந்தலையில் முத்தம் கொடுக்கக் குனிந்தாள்.

ரூபாவின் தலைமுடி அவள் முகத்தில் படவில்லை. காற்று இல்லாத அந்த அறையில், தண்ணீர் எட்டாத அந்த உயரத்தில், அது விரிந்து எழும்பி, ஆழத்தில் அமிழ்ந்த பிள்ளையின் முடிபோல மெல்ல மெல்ல அலைந்துகொண்டிருந்தது.