பதினோராம் கட்டிலின் மூச்சு

குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலி. விடிந்ததிலிருந்து நிற்கிறாள் வசித்தி; ஆள் குறைச்சல் என்று மாலை ஷிப்டையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்றாம் வருட நர்சிங் மாணவியின் கால் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. வயிற்றில் இரண்டு பிஸ்கட்டும் எலுமிச்சை இலைத் தேநீரும். வெளியே மழை தகரக் கூரையை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, பினாயிலும் ஈரத்துணியும் கலந்த வாடையில், ஆண்கள் வார்டு அரைத்தூக்கத்தில் கிடந்தது.

பன்னிரண்டு கட்டில். பதினொன்றாவது காலி. ஆனால் மழை ஓயும்போதெல்லாம் அவளுக்குப் பன்னிரண்டு மூச்சு கேட்டது.

"என்னடி, நின்னுக்கிட்டே தூங்குறியா? எனக்கும் அதைச் சொல்லிக் குடு" என்றாள் கூடப் படிக்கும் அகனீசி, கழுவிய கிண்ணங்களை அடுக்கியபடி.

"யாரோ சீழ்க்கை அடிக்கிற மாதிரி இல்ல?"

"என் மூக்குதான். சளி. போடி, சிஸ்டர் கூப்பிடுறாங்க."

வார்டு சிஸ்டர் ராய்ஜெலி, மேசையில் அவளுடைய பயிற்சிப் படிவத்தை விரித்து வைத்திருந்தார். அதில் கையெழுத்து விழாவிட்டால் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால், தாவேயூனித் தீவில் சேம்பு தோண்டி முதுகு வளைந்துபோன அப்பாவின் மூன்று வருட உழைப்பு மண்.

"செவ்வாய்க்கிழமை அந்தப் பதினோராம் கட்டில் கிழவர் செத்தப்ப நீ ஒரு சொட்டு அழல. போன வருசத்துப் பிள்ளைங்க கக்கூஸுக்குள்ள ஓடி ஓடி, தாழ்ப்பாள் தேயுற அளவுக்கு அழுதாளுங்க. மனப்பக்குவம், அஞ்சுக்கு நாலு. போதுமா?"

"போதும் சிஸ்டர்."

அழத் தெம்பில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

"ஆறு மணி மூச்சுக் கணக்கை முடிச்சிட்டு வா. கையெழுத்துப் போட்டு வைக்கிறேன்."

ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் ஒரு முழு நிமிடம் நின்று மூச்சை எண்ண வேண்டும். எந்த மாணவி எண்ணினாள்? கால்மாட்டில் நின்று, அங்கே தொங்கும் அட்டையில் பதினெட்டு என்று போட்டுவிட்டு நகர்வார்கள். யாரும் கேள்வி கேட்காத எண் அது.

செவ்வாயன்றும் அப்படித்தான். ஒரு மணிக்கு, பதினோராம் கட்டில் தனியேலா அவள் கையைப் பிடித்தார். கரும்பு வெட்டியவர், சர்க்கரை நோய் ஒரு காலைத் தின்றிருந்தது. முன்பல் இல்லாத இடைவெளியில் மூச்சு சீழ்க்கையாக வந்தது. "பொண்ணே, மூச்சு முட்டுது. கொஞ்சம் பக்கத்துல நில்லு."

"இதோ வர்றேன் தாத்தா."

இரண்டு மணிக்குத்தான் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் பதினெட்டு என்று எழுதினாள். இரண்டரைக்கு டாக்டர் போர்வையை விலக்கினார். உடம்பு சில்லிட்டிருந்தது. உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது என்றார். அட்டையை யாரும் பார்க்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

முதல் கட்டில், பதினெட்டு. இரண்டாவது, பதினெட்டு. பத்தாவது வரை கை தானாக எழுதிக்கொண்டு போனது. மழை நின்றது.

சீழ்க்கை.

அழுகிய அன்னாசியின் வாடை. தனியேலாவின் மூச்சில் அடித்த அதே வாடை. பதினோராம் கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்கியது. செவ்வாயன்றே ஆபீசுக்குப் போன அட்டை. செவ்வாய் இரண்டு மணி, பதினெட்டு. மூன்று மணி, பதினெட்டு. புதன் முழுவதும். இன்று ஐந்து மணி வரை. எல்லாம் அவள் கையெழுத்து.

காலிக் கட்டிலில் இறுக்கி விரித்த போர்வை மெல்ல ஏறியது. இறங்கியது.

ஓட நினைத்தாள். ஆனால் வாய் எண்ணத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு முறை அது ஏறும்போதும் அவள் நெஞ்சிலிருந்து ஏதோ உருவப்பட்டது. ஏழு. கண் இருட்டியது. பன்னிரண்டு. விரல்நுனி நீலம். பதினேழு.

"வசித்தி, கையெழுத்துப் போட்டாச்சு! வந்து வாங்கிக்கோ!"

பதினெட்டு.

போர்வை ஏறியது. இறங்கவில்லை. நெஞ்சளவு உயரத்தில் அப்படியே நின்று, காத்திருந்தது. அவள் தன் மார்பைக் குனிந்து பார்த்தாள். சீருடைப் பொத்தான்கள் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குத் தனியேலாவின் பக்கத்தில் நிற்க வேண்டிய ஒரு நிமிடம். அவள் அன்று கொடுக்காததை, போர்வை இப்போது அவள் மூச்சிலிருந்து எடுத்துக்கொண்டது.