பனிக்கட்டி சுமந்தவர்களின் பாட்டு

சீன தேசத்தின் தென்கோடியில், நாணற்காடுகள் அடர்ந்த இரு கரைகளுக்கு நடுவே, இரண்டு மாகாணங்களுக்கு எல்லையாகப் பெருகியோடிய லான் நதியின்மீது அந்திச் செவ்வானம் மெல்ல அவிந்து, கீழ்த்திசை மலைமுகட்டில் முழுமதி தலைநீட்டிய வேளையில், அதிபதி குவோ ஷென்னின் உல்லாச ஓடம் நடுநீரை அடைந்தது. அதிபதிக்குச் சந்திரனைப் பிடிக்கும். சந்திரனுக்கு அவரைப் பிடிக்குமா என்று யாரும் விசாரித்ததில்லை, வாசகர்களே!

அதிபதியின் மது குளிர வேண்டுமென்று, கோடை வெயிலில் மலைக்குகையிலிருந்து பனிக்கட்டி சுமந்து வந்தவர்களில் மூன்று பேர் வழியிலேயே மாண்டார்கள். அதை யாரோ பாட்டாக எழுதிக் கிணற்றடிதோறும் ஒட்டியிருந்தார்கள். பாட்டு எல்லோருக்கும் புரிந்தது, அதுதான் குற்றம். ஆகவே எழுதியவனைக் கண்டுபிடிக்க, அவைப் புலவர் ஐவரும் அன்று ஆளுக்கொரு நிலாப்பாட்டுப் படிக்க வேண்டும்; எவன் நடை எளிமையோ, அவன் வலது கை மணிக்கட்டோடு போகும்.

நான்கு பேர் பாடி முடித்தார்கள். அவர்கள் பாட்டில் இறக்கிய மரகதத்துக்கும் பவளத்துக்கும் ஓடம் மூழ்காமல் இருந்ததே ஆச்சரியம்.

ஐந்தாமவன் மெய் ஷுவோ. குற்றவாளி அவன்தான். எதை எழுதினாலும் ஓடக்காரி யுன்னுக்குப் படித்துக் காட்டுவான்; அவள் நெற்றி எங்கே சுருங்குகிறதோ அங்கே சொல்லை அடித்துவிடுவான். அப்படி அடித்து அடித்தே பிறந்தது அவன் நடை. காதலும் அங்கேதான் பிறந்தது. முதல்நாள் அவள் கெஞ்சியிருந்தாள்: "நாளைக்கு மட்டும் எனக்குப் புரியாத மாதிரி எழுதுங்க. இந்தக் கை எனக்கு வேணும்."

இப்போது அவள்தான் சுக்கான் பிடித்திருந்தாள். மெய் ஷுவோ மரகதத்தில் தொடங்கி இரண்டு வரி படித்து நிமிர்ந்தான். யுன் எல்லாம் புரிந்தவள்போல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அன்றுவரை அவனிடம் ஒருநாளும் பொய் சொல்லாத முகம் அது. மூன்றாம் வரியை அவன் படிக்கவில்லை. தாளை ஆற்றில் விட்டான்.

"பிரபு, தங்கள் கிண்ணத்தைக் குளிர்வித்தவன் வெயிலில் செத்தான். அவன் வீட்டுக்குத் திரும்பியது வெறுங்கூடை. அந்தப் பாட்டை எழுதியவன் நான்தான்."

அதிபதி புன்னகைத்தார். கம்பளத்தில் இரத்தம் படுவது அவருக்குப் பிடிக்காது. கரைக்கு ஓட்டும்படி சைகை காட்டினார்.

பன்னிரண்டு துடுப்புகளும் நீரைவிட்டு எழுந்து நின்றன. துடுப்புக்காரர்கள் அத்தனை பேரும் செத்த மூவரின் உறவுக்காரர்கள். அதையெல்லாம் விசாரிப்பது அதிபதியின் வழக்கமில்லை. ஓடம் நீரோட்டத்தோடு, பாறைகளில் மோதும் வெள்ளத்தின் இரைச்சலை நோக்கிச் சாய்ந்தது. அதிபதியின் காவல் வீரர்கள் வாளை உருவினார்கள். அவர்களில் ஒருவனுக்கும் துடுப்புப் போடத் தெரியாது.

யுன் சுக்கானிலிருந்து கையை எடுத்தாள். "அவர் கையைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, பிரபு. எங்களுக்குப் புரியுற மாதிரி."

"திசையெட்டும் போற்றும் எமது பெருங்கருணையானது..." என்று தொடங்கினார் அதிபதி. யுன்னின் நெற்றி சுருங்கியது. அடிப்பலகையில் ஒரு பாறை உரசியது.

"தொட மாட்டேன்" என்றார் அதிபதி. அவர் வாழ்நாளில் சொன்ன முதல் எளிய வாக்கியம் அது.

அந்த வாக்கின் ஆயுள் எவ்வளவு என்பது ஓடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாததல்ல. துடுப்புகள் நீரில் இறங்கின, அதிபதியின் ஆணை செல்லாத மறுகரையை நோக்கி.