புரட்டிப் போட்ட தண்டவாளம்

ஹெஸ்டர் ட்ரான்ட்டர் உட்கார மறுத்தாள். பாவாடை ஓரம் முழுக்கச் சேறு; லீட்ஸ் நகரத்து அந்த அறையில் நல்ல கம்பளம் விரித்திருந்தது.

"என் வீட்டுக்காரர் ஜேபஸ், மில்ஃபோல்ட் லைன்ல மேஸ்திரிங்க. தண்டவாளம் பார்க்குற வேலை. அங்க வண்டி கவுந்து அஞ்சு பேர் செத்தாங்கல்ல, அவர் ஆப்பு அடிக்காம விட்டதாலதான்னு அன்னிக்கே புடிச்சு உள்ள வச்சுட்டாங்க. திங்கக்கிழமை கோர்ட்டு."

துப்பறியும் ஆர்மிட்டேஜ் அவள் முகத்தையே பார்த்தார். "ஆப்பு இல்லைன்னு யார் சொன்னது?"

"என் தம்பி சைலஸ். அவரோட வேலைக் கூட்டத்துலதான் இருக்கான்."

ஜன்னலோரம் நின்ற பத்திரிகைக்காரர் ஃபென் துள்ளித் திரும்பினார். "தம்பியே சாட்சியா! சார், இதுல ஏதோ இருக்கு."

"இருக்கலாம். முதல்ல உங்க தொப்பிய எடுத்துக்கங்க."

மில்ஃபோல்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த லைனின் தண்டவாளத்துக்கு மேலும் கீழும் ஒரே மாதிரித் தலை. குறுக்குக் கட்டைகளின் மேல் பொருத்திய இரும்புத் தாங்கிகளில் அது உட்காரும். பக்கத்தில் ஓக் மர ஆப்பை அடித்து இறுக்குவார்கள். மேல்தலை தேய்ந்தால் புரட்டிப் போட்டு அடித்தலையை மேலே கொண்டுவரலாம். ஒரே தண்டவாளத்துக்கு இரண்டு ஆயுள். இந்த வசந்தத்தில் எஞ்சினியர் ஹாலம் அந்தப் பகுதி முழுவதையும் புரட்டவைத்தார். செலவு மிச்சமென்று கம்பெனி இயக்குநர்கள் அவருக்கு விருந்து வைத்துப் பாராட்டினார்கள்.

வண்டி கவிழ்ந்த இடத்தில் புதுத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஆர்மிட்டேஜ் அதை விட்டுவிட்டு அடுத்ததன் பக்கத்தில் மண்டியிட்டார். ஈரமான மேல்தலை மீது விரல்களை ஓட்டினார். ஓரிடத்தில் கை நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் பள்ளம். ஒரு எட்டு தள்ளி, அடுத்த கட்டைக்கு நேராக, இன்னொன்று.

"புரட்டினதுலேருந்து வண்டி தடதடன்னுதான் போகுது. வீட்டுல தட்டெல்லாம் ஆடுது" என்றாள் ஹெஸ்டர்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

ரயில்வே கொட்டகையில், வண்டி கவிழ்ந்த இடத்திலிருந்து எடுத்ததென்று கோர்ட்டுக்குப் போகவேண்டிய தண்டவாளம் கிடந்தது. ஹாலம் குடையை ஊன்றியபடி நின்றார். சைலஸும் கூட்டத்து ஆட்களும் சுவரோரம் இருந்தார்கள். கதவருகே ஒரு கான்ஸ்டபிள். சைலஸ் அக்காவைப் பார்க்கவில்லை.

"இதுதான் அது. பாருங்க, முறியல, வளையல. ஆப்பு இல்லாம விலகியிருக்கு, அவ்வளவுதான்" என்றார் ஹாலம்.

"இதையும் வசந்தத்துல புரட்டினீங்களா?"

"ஒண்ணு விடாம எல்லாத்தையும்."

ஃபென் குனிந்தார். "மேல ஒரே துரு! சக்கரம் ஓடின தண்டவாளம் பளபளன்னு இருக்க வேண்டாமா?"

"இத்தனை நாள் மழையில கிடந்தா உங்க மூக்குகூடத் துருப்பிடிக்கும், தம்பி."

ஆட்கள் சிரித்தார்கள். ஃபென்னின் காது சிவந்தது.

ஆர்மிட்டேஜ் மேல்தலை முழுக்கத் தடவிவிட்டு, "இதைக் கொஞ்சம் புரட்டுங்க" என்றார்.

"எட்டு பேர் வேணுங்க" என்றான் சைலஸ். எட்டுப் பேரும் வந்து கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். ஆர்மிட்டேஜ் அடித்தலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார்.

"வழவழன்னு இருக்கு சார்" என்றார் ஃபென் ஏமாற்றத்தோடு.

"ஆமா. அதுதான் சங்கடம்." அவர் ஹாலம் பக்கம் திரும்பினார். "தண்டவாளம் வருஷக்கணக்கா தாங்கி மேல உட்கார்ந்திருக்கு. மேல வண்டி போகப் போக, தாங்கி அதோட அடியில குழி பறிக்குது. புரட்டினா அந்தக் குழி மேல வரும். வெளியில கிடக்கிற ஒவ்வொண்ணுலயும் வந்திருக்கு. இதுல மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மழை துருவைக் கொடுக்கும் ஐயா. பள்ளத்தை எடுத்துட்டுப் போகாது. இது அந்த லைன்ல ஒருநாளும் கிடந்ததே இல்ல."

ஆர்மிட்டேஜ் நிமிர்ந்து தொடர்ந்தார்.

"அப்போ நிஜமானது முறிஞ்சிருக்கு. அந்தப் பள்ளத்துலயே முறிஞ்சிருக்கும். முறிஞ்சதைக் காட்டினா, புரட்டச் சொன்னது யாருன்னு கேப்பாங்க."

"யார்டுல எவனோ மாத்தித் தூக்கிட்டு வந்திருப்பான்" என்றார் ஹாலம். குரல் மாறவில்லை. "கவனக்குறைவு. முறிஞ்ச தண்டவாளம்னு ஒண்ணு இருந்தா கொண்டாந்து காட்டுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை பார்க்கலாம்."

"காட்டக்கூடியவங்க இங்கதான் இருக்காங்க. இதைத் தூக்க எட்டு பேர் வேணும்னு இப்பத்தான் பார்த்தோம். ஜேபஸைக் கூட்டிட்டுப் போனப்புறம் இந்த எட்டு பேருக்கு மேஸ்திரி யாரு?"

ஹெஸ்டருக்கு அதற்குப் பதில் தெரியும். தெரிந்தே தம்பி முன்னால் போய் நின்றாள்.

"எங்கடா போட்டீங்க?"

"அக்கா, வேணாம்."

"சைலஸ்."

"சொன்னா எனக்கு ஜெயிலு. கம்பெனி வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. லூசி மாசமா இருக்கா."

"தெரியும். தொட்டிலுக்குப் போர்வை நான்தான் பின்னிக்கிட்டிருக்கேன். சொல்லு."

அவன் ஹாலமைப் பார்த்தான். ஹாலம் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால சாம்பல் மேட்டுல புதைச்சோம். ரெண்டு துண்டு. ஹாலம் ஐயாதான் புதைக்கச் சொன்னாரு. அப்புறம் ஆப்பெல்லாம் உருவிப் போடச் சொன்னாரு. மேஸ்திரி வேலை எனக்குத்தான்னாரு." மூச்சு வாங்கினான். "மாமா ஒரு ஆப்புகூட விட்டதில்ல, அக்கா."

தோண்டினார்கள். துண்டுகள் கிடைத்தன. முறிவு சரியாகப் பள்ளத்தின் நடுவில் ஓடியிருந்தது. கான்ஸ்டபிள் ஹாலமிடம், "கொஞ்சம் வாங்க, ஐயா" என்றார். சைலஸின் கையைப் பிடித்தார்.

ஆர்மிட்டேஜ் தொப்பியைக் கழற்றினார். "நாளைக்கோ மறுநாளோ உங்க வீட்டுக்காரர் வந்துடுவார், அம்மா."

அவள் தலையசைத்தாள். சைலஸ் வாசலில் ஒருமுறை திரும்பினான்.

"லூசிகிட்ட யாரு சொல்றது, அக்கா?"

"நான்தான்."

அவனுடைய வீடு அவள் வீட்டுக்கு அடுத்த வீடுதான். ஹெஸ்டர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தண்டவாளத்து ஓரமாகவே நடந்தாள். கதவு திறந்திருந்தது. லூசி அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி. அவர் உங்களோட வரலையா?" என்று கேட்டாள்.