பெட்டைக் குஞ்சு எது?

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில் சேவல் கூவினால் காவலர் வந்து கதவைத் தட்டுவார். மூச்சு விடும் எதற்கும் அங்கே காற்றுப்பங்கு உண்டு. வீட்டுக்கு இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை, நான்கு கோழி. முட்டையும் போடாமல் காற்றை மட்டும் குடிக்கிற சேவலை யார் வைத்துக்கொள்வார்? பண்ணை தரும் எட்டு முட்டைகளையும் கொல்லைப்புறப் பெட்டியில் பொரிக்கவைத்து, பெட்டைகளை எடுத்துக்கொண்டு, சேவல்களை அன்றே உரத்தொட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். அதைப் பற்றி ஊரில் பேச்சே இருக்காது.

சிக்கல் என்னவென்றால், பொரித்த அன்று குஞ்சுகள் எல்லாம் ஒரே அச்சு. போனமுறை இசக்கியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி பேச்சைக் கேட்டு ஒவ்வொன்றையும் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தாள். உதறினால் சேவல், சும்மா தொங்கினால் பெட்டை என்று பொறுக்கினாள். மூன்று மாதத்தில் நான்கும் கொண்டை வைத்துக்கொண்டு கூவின.

இப்போது அவளுக்கு நான்காம் மாதம். தினம் ஒரு முட்டையாவது சாப்பிடாவிட்டால் பிள்ளை தேறாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தமுறையும் தவறினால் பிரசவத்துக்குக்கூட முட்டை கிடையாது.

அதனால்தான் அவள் கணவன் சுடலைமுத்து, மருத்துவமனைக் கிடங்கில் தூசி படிந்து கிடந்த உள்நோக்கியைத் தூக்கி வந்தான். முதல் கப்பலில் பூமியிலிருந்து வந்த கருவி அது. தோலுக்கு உள்ளே இருப்பதைப் பார்த்துச் சொல்லும். முதல் குஞ்சின் வயிற்றில் அதன் முனையை வைத்தான்.

"மன்னிக்கவும். ஆணா பெண்ணா என்று தெரிவிப்பது தண்டனைக்குரிய குற்றம்" என்றது உள்நோக்கி.

"இது கோழிக்குஞ்சுய்யா! இதுல என்ன குத்தம்?"

"எந்த உயிர் என்று பார்ப்பதில்லை. என்னைப் பூட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். சொன்னால் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கொன்றுவிடுவார்களாம்."

"அதுக்குத்தான கேக்கோம்" என்றாள் இசக்கி. "சேவலக் கொல்லாம பின்ன என்ன செய்ய?"

"பூமியில் கொன்றது பெண்ணை."

"பொட்டையவா? கிறுக்குப் பயலுவளா இருப்பானுவ போல! அப்ப முட்டைய யாரு போடுவா?"

"நான் கோழியைச் சொல்லவில்லை அம்மா. மனிதரைச் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும்போதே என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்."

சுடலைமுத்துவின் கையிலிருந்து முனை நழுவியது. குவிமாடத்தில் பிறந்து வளர்ந்த இருவரும் இப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளையை இன்னதென்று அறியலாம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. மூன்று தலைமுறையாக அங்கே பிறந்த பிறகுதான் பார்த்தார்கள்.

"மனுச சென்மமா அதுக?" என்றாள் இசக்கி. "பெத்த வயிறு எரியாதா? தாயும் சேந்தா சம்மதிப்பா?"

"சிலர் அழுதார்கள். சிலர் அவர்களாகவே கேட்டார்கள்."

"எங்க ஊர்ல அந்தப் பேச்சே கெடையாது. பொட்டைதான் எங்களுக்கு வேணும். அது பொழைக்கத்தான் கேக்கோம், சொல்லு."

உள்நோக்கி சற்று யோசித்தது. "இங்கே பிழைப்பது பெட்டை என்றால் சட்டத்தின் நோக்கம் கெடவில்லை" என்று பூட்டைத் தானே திறந்துகொண்டது. சுடலைமுத்து முனையை எடுத்து ஒவ்வொரு குஞ்சாக வைத்துப் பார்த்தான். எட்டில் நான்கு பெட்டை. இசக்கி அந்த நான்கையும் மடியில் அள்ளிக்கொண்டாள். மற்ற நான்கையும் கூடையில் போட்டுக்கொண்டு சுடலைமுத்து உரத்தொட்டிக்கு நடந்தான்.

அவன் தலை மறைந்ததும் இசக்கி கொல்லைக் கதவைச் சாத்தினாள். குஞ்சுகளைப் பெட்டியில் விட்டாள். அவன் வைத்துவிட்டுப் போன முனையை எடுத்துத் துடைத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"சும்மா தெரிஞ்சுக்கிடத்தான். அவருட்ட சொல்ல மாட்டேன். என்ன புள்ள?"

"தெரிந்துகொண்டு என்ன செய்வீர்கள் அம்மா?"

இசக்கி வாயைத் திறந்தாள். சேவலுக்குச் சொன்ன அதே பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டதைக் கண்டு, முனையை வயிற்றிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள்.