பங்குனி வரை மூடிவைத்த குளம்

முந்தின நாள்தான் ஜைனப் மோட்டாரைப் போட்டு, குளத்தில் ஒரு சாண் தண்ணீரை இறக்கி முருங்கைக்கு விட்டிருந்தாள். காலையில் பார்த்தால் தண்ணீர் பழையபடி மேல் ஓடு வரைக்கும் தளும்பி நிற்கிறது. மழையென்று ஒரு தூறல்கூட இல்லை. பாலவனத்தம் ஊரில் மேகம் வந்து முகம் காட்டிவிட்டுப் போவதோடு சரி.

கணவர் நவாஸ் கத்தார் வெயிலில் நின்று சம்பாதித்து வீட்டுக்குப் பின்னால் கட்டிய நீச்சல் குளம் அது. சுற்றிலும் ஆள் உயரச் சுவர். போன கோடையில் தெருப் பெண்பிள்ளைகள் பதினோரு பேருக்கு அதில் நீச்சல் கற்றுக்கொடுத்தாள். தெரு பேசாத பேச்சில்லை. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கும்மாளம் கேட்குதா, மண்ணைப் போட்டு மூடு என்றார்கள். மார்கழிக் குளிரில் பிள்ளைகள் இறங்கமாட்டார்கள். பச்சை பிடிக்காமல் மூடிக் காப்பாற்றினால் பங்குனியில் திறக்கலாம். கெட்டுப்போனால் இத்தனை லோடு தண்ணீர் இனிக் கிடைக்காது, தெரு ஜெயித்துவிடும். அதை மட்டும் விடமாட்டாள்.

மறுபடி இறக்கினாள். குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினாள். குளோரின் வாடையே எழவில்லை. பாசியும் ஈரமண்ணும் கலந்த வேறொரு வாடை வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

அந்த இடத்தில் முன்பு வற்றிய கிணறு ஒன்று இருந்தது. அதைத் தூர்த்த கொத்தனார் நாகராஜ், கிணறு மூச்சுவிட வேண்டும் என்று வழக்கப்படி அடியிலிருந்து ஒரு குழாயைக் குளத்தோரமாக மேலே நிறுத்தியிருந்தார். பல்லி விழுகிறதென்று போன வாரம்தான் ஜைனப் அதைச் சிமெண்டு வைத்து அடைத்தாள். போனில் இதைச் சொன்னதும் நாகராஜ் பதறினார்.

"அத ஏம்மா அடச்சீக? இப்பவே ஒடச்சு விட்ருங்க. பிள்ளைகள அந்தப் பக்கம் விடாதீக."

"கெணறு செத்து இருவது வருசமாச்சுண்ணே. செத்ததுக்கு என்ன மூச்சு?"

போனை வைத்துவிட்டு நீலத் தார்ப்பாயை இழுத்து மூடினாள். ஓரமெல்லாம் மணல் மூட்டை, மூலைக்கு மூலை கயிறு. வேலை முடிந்தபோது பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் அவளிடம் நீச்சல் கற்ற பதினோரு பிள்ளைகளும் பாண்டி விளையாடிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தார்ப்பாய் மெல்ல உப்பியது.

முருங்கை இலை அசையவில்லை. தார்ப்பாய் மட்டும் உப்பியது, அமுங்கியது, உப்பியது, தூங்குகிறவன் வயிறு போல. ஒரு மூட்டை சரிந்தது. ஒரு கயிறு அவிழ்ந்தது. அடைத்த குழாய்க்குள், எங்கோ ஆழத்தில், கொர்ரென்று இழுக்கும் சத்தம்.

பயந்துதான் போனாள். சுத்தியல் நாலடியில் கிடந்தது. ஒரு போடு போட்டால் சிமெண்டு விட்டுவிடும். போடவில்லை. இன்றைக்குக் கிணற்றுக்குப் பணிந்தால் நாளைக்குத் தெருவுக்கும் பணியணும்.

அவிழ்ந்த கயிற்றை ஓங்கி மிதித்தாள்.

"இது என் தண்ணி. பங்குனியில நான்தான் தெறப்பேன்."

தார்ப்பாய் அமுங்கியது. அசைவில்லை. சத்தமில்லை. ஜைனப் சிரித்தாள். சிரித்து முடித்து மூச்சை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வாய் திறந்தது. நெஞ்சு எழும்பவில்லை. தார்ப்பாய் எழும்பியது. நிதானமாக. அவள் இழுக்க இழுக்க. நீலத்தில் அவள் முகத்துக்கு நேரே ஒரு குழி விழுந்தது. வாய் அளவு. பக்கத்தில் இன்னொன்று. சின்னது. அதற்கும் பக்கத்தில்.

தெருவில் பிள்ளைகளின் சத்தம் சட்டென்று நின்றது.

எண்ணினாள். சின்னவை பதினொன்று.

சுத்தியலுக்குக் கை நீட்டினாள். மிதித்த கால் எடுபடவில்லை. பன்னிரண்டு வாயும் ஒன்றாகத் திறந்தன. தார்ப்பாய் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது.